தாய்மையும் இனிப்பு நீரும்

மலாக்கா வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் 1824-ஆம் ஆண்டைத் தொடாமல் செல்வதில்லை. அவ்வாண்டு மார்ச் 17-ஆம் நாள் இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, சுமத்திராவிலிருந்த பென்கூலனைக் கொடுத்து மலாக்காவைப் பெற்றுக்கொண்டனர் ஆங்கிலேயர். பின்னாளில் இம்மண்ணில் காடழித்து இரப்பர் நட்டு, அதன் பொருட்டுத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கப்பலேற்றிக் கொணர்ந்த கதைக்கு வாயிற்படி அதுவே.

அதே 1824-ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் பென்னெவிட்ஸ் என்னும் இளைஞர் மருத்துவப் பட்டத்திற்காக இலத்தீன் மொழியில் ஓர் ஆய்வேட்டை அளித்தார். ஐந்தாம் முறை கருவுற்றிருந்த ஒரு பெண்ணைப் பற்றியது அவ்வேடு. அவளுக்குத் தணியாத நீர்வேட்கை, சிறுநீரில் இனிப்பு. அக்கால வழக்கப்படி குருதியை வடித்து மருத்துவம் செய்தனர். குழந்தை பன்னிரண்டு ராத்தல் எடையுடன் வளர்ந்து, பிறக்கும் வேளையிலேயே இறந்தது. தாய் பிழைத்தாள். அதன்பின் வேட்கையும் இனிப்பும் தாமே மறைந்தன. எனவே இந்நோய் கர்ப்பத்தின் விளைவாகத் தோன்றி, கர்ப்பத்தோடு நீங்குவது என அவர் துணிந்தார். கர்ப்பகால நீரிழிவு என இன்று நாம் வழங்கும் நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவாக அவ்வேட்டையே அறிஞர் சுட்டுகின்றனர்.

இலண்டன் உடன்படிக்கைக்கும் பெர்லின் ஆய்வேட்டுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் என் குடும்பத்தில் அவ்விரண்டும் ஒரு லயத்து வீட்டில் சந்தித்தன என்றே கூறவேண்டும்.

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் பெரியம்மா பால்மரம் வெட்டினார். 1950-களின் பிற்பகுதியில் அவருக்கு நான்காம் பிள்ளை பிறந்தது. தலை வந்தபின் தோள் வரவில்லை. மருத்துவச்சி போராடி எடுத்தபோது உயிர் இல்லை. தோட்டத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தார்களாம், பத்தரை ராத்தல். "இராசா மாதிரி இருந்தான்" என்று தம் கடைசிக் காலம்வரை பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணேறு பட்டுவிட்டது என்பதே லயத்தின் தீர்ப்பு. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அவருக்கு ஓயாத தாகம், ஆறாத புண், மங்கிய பார்வை என ஒவ்வொன்றாக வந்து, முடிவில் ஒரு காலையும் எடுக்க நேர்ந்தது. அந்தப் பத்தரை ராத்தல் பிள்ளைக்கும் எடுக்கப்பட்ட காலுக்கும் இடையே ஒரே நூல் ஓடுகிறது என எங்களுள் எவரும் அன்று அறிந்திலோம். அந்நூலைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் தோட்டப்புற வரலாற்றை எழுதியோர் கங்காணி முறையை எழுதினர், கள்ளுக்கடையை எழுதினர், கூலிப் போராட்டத்தையும் தமிழ்ப்பள்ளியையும் விரிவாகவே எழுதினர். அவை எழுதப்படவேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவுற்ற பெண்ணின் உடல் அவ்வரலாற்றில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறவில்லை. பிறப்பையும் இறப்பையும் எண்ணிக் கணக்கிடும் அலுவலக ஏடுகளிலும் பிள்ளை ஏன் இறந்தது என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் விடையில்லை.

மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்காவிலேயே. 1896-இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் விரிவாக நட்டார். மரவள்ளி பயிரிட்டிருந்த நிலங்கள் மெல்ல மெல்லப் பால்மரக் காடுகளாயின. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங், மஸ்ஜித் தானா எனப் பரவிய தோட்டங்களில் தமிழர் குடியேறினர். நகருக்குள் காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே வேரூன்றியிருந்தனர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்தம் பழமைக்குச் சான்று. ஆனால் லயத்து மக்களின் வாழ்வு வேறு. அவர்களைச் சூழ்ந்த நோய்களும் வேறு.

அக்காலத் தோட்ட மருத்துவத்தின் கவலையெல்லாம் மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றளைச்சல் ஆகியவற்றைப் பற்றியதே. கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை அவளது 'வெளுப்பு', அதாவது இரத்தச்சோகை, ஒன்றே பேசப்பட்டது. கொய்னாவும் இரும்புச்சத்து மருந்தும் டிரெசரின் கைவசம் இருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டங்கள் பிள்ளைப்பேற்றுத் தொகையையும் ஆயாக்கொட்டகையையும் பள்ளிக்கூடத்தையும் முதலாளிமாரின் கடமைகளாக்கின. அன்றைய நிலையில் இவை சிறிய பேறுகள் அல்ல. எனினும் சர்க்கரையை எவரும் தேடவில்லை. தேடாமைக்கு ஒரு காரணமும் இருந்தது.

நீரிழிவு உட்கார்ந்து உண்பவரின் நோய் என்பதே அக்கால மருத்துவ உலகின் எண்ணம். 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் வெப்ப நாடுகளின் நீரிழிவைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. இந்தியாவில் பணிபுரிந்த மருத்துவர்கள் அங்கே பேசியதெல்லாம் வசதி படைத்த வங்காளத்து உத்தியோகத்தரையும் வழக்கறிஞரையும் பற்றியே. வயலில் உழைப்பவனுக்கு இது வாராது என்றனர். அந்த எண்ணத்தோடு மலாயாவுக்கு வந்த மருத்துவர், இருட்டோடு பிரட்டுக்கு நின்று, மலையேறி முந்நூறு மரம் வெட்டி, பால்வாளி சுமந்து இறங்கும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருக்கக்கூடும் என ஐயுறுவாரா? அவர் பிழை முழுப் பிழையும் அன்று. கடும் உழைப்பு குருதிச் சர்க்கரையைக் குறைத்தே வைக்கும். ஆனால் கர்ப்பம் என்பது உழைப்பாலும் ஈடுகட்ட இயலாத ஒரு சோதனையை உடலுக்கு வைக்கிறது.

அச்சோதனை யாது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். கருவை ஊட்டி வளர்க்கும் நஞ்சுக்கொடி பல சுரப்புகளை வெளியிடுகிறது. குழந்தைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்கும் பொருட்டு, தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை அவை தடுக்கின்றன. மாதம் ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் இரு மடங்கு, மும்மடங்கு இன்சுலினைச் சுரந்து அத்தடையை வென்றுவிடுகிறது. அவ்வாறு சுரக்க இயலாதவளுக்கு ஆறாம் மாத அளவில் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. மிகுதியாக வந்த சர்க்கரையைச் செலவிடக் குழந்தை தன் சிறு கணையத்தால் தானே இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் அதனைக் கொழுக்கவைக்கிறது, தோள் அகல்கிறது, வயிறு பெருக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரவு நின்றுவிட, சுரந்த இன்சுலின் மட்டும் எஞ்சிக் குழந்தையின் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது. கோபன்ஹேகனில் பெடர்சன் என்பார் 1952-இல் இவ்விளக்கத்தை நிறுவினார். என் பெரியம்மாவின் பிள்ளை 'இராசா'வானது இவ்வாறுதான் என நான் அறிந்துகொள்ள மேலும் முப்பதாண்டுகள் ஆயின.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களுக்கு உவப்பான ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடமுண்டு. 'நீரிழிவு' என்பதிலுள்ள 'இழிவு' என்னும் சொல்லை மாணவர் பலர் 'தாழ்வு' என்றே பொருள்கொள்கின்றனர். நோயாளியும் அதனைக் கேட்டு நாணுகிறார். 'இழிதல்' என்பதற்கு இறங்குதல், வழிதல் என்பதே முதற்பொருள். நீர் இடையறாது வழிவதே நீரிழிவு. கிரேக்கர் இட்ட 'டயபிடிஸ்' என்னும் பெயருக்கும் ஊடுசென்று வழிவது என்பதே பொருளாதல் வியப்புக்குரியது. வடமொழி மரபும் சித்த மருத்துவமும் 'மதுமேகம்' என இனிப்பைச் சுட்டின. மலேசியத் தமிழர் வாயிலோ 'இனிப்பு நீர்' என்பதே வழக்கு. மலாய் மொழியின் 'கென்சிங் மானிஸ்' என்பதை அப்படியே தமிழாக்கியது போன்றது இது. இருமொழிகள் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த தோட்டங்களிலும் கம்பங்களிலும் இத்தகைய சொல் பிறத்தல் இயல்பே. ஆயினும் இப்பெயரில் ஓர் இடர் உண்டு. நோய் சிறுநீரில் இருப்பதாக அது கருதவைக்கிறது. எறும்பு மொய்க்கவில்லையேல் நோயில்லை என்னும் நம்பிக்கை அதிலிருந்தே கிளைத்தது.

அந்நம்பிக்கை லயத்துப் பாட்டிமாருக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக்கூடங்களும் நெடுங்காலம் சிறுநீரையே நம்பின. அமெரிக்க வேதியியலார் பெனடிக்ட் கண்ட நீலநிற நீரில் சில துளி சிறுநீரை விட்டுக் கண்ணாடிக் குழாயைச் சாராய விளக்கில் காய்ச்சுவார்கள். நிறம் மாறாமல் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, பச்சையானால் சிறிது, மஞ்சளானால் மிகுதி, செங்கற்பொடி நிறமானால் மிக மிகுதி. 1960-களில் மலாக்கா நகரத் தாய்சேய் நல நிலையத்தில் வரிசையாக நின்ற அக்குழாய்களை என் அன்னையின் கைபிடித்துச் சென்ற நாளில் பார்த்திருக்கிறேன். வண்ணங்களின் அழகே அன்று எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

இச்சோதனையின் குறை இருபுறமும் வெட்டுவது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் சர்க்கரையை எளிதில் கசியவிடும். ஆதலின் நலமாயுள்ள தாயின் நீரும் பச்சையாகலாம். மறுபுறம், குருதியில் சர்க்கரை ஓரளவு ஏறியிருந்தும் நீரில் தோன்றாமற் போகலாம். நோயில்லாதவள் அஞ்சினாள், நோயுள்ளவள் அமைதியாக வீடு திரும்பினாள். இன்சுலின் 1921-22-இல் டொரண்டோவில் கண்டறியப்பட்டதும், முன்பே நீரிழிவுடைய பெண்கள் பிள்ளை பெற்று உயிர்வாழ இயன்றது. அதற்குமுன் நிலைமை எத்தகையது என்பதை 1882-இல் மாத்யூஸ் டங்கன் இலண்டனில் தொகுத்த பட்டியல் காட்டும். தாயருள் பலரும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதியும் மாண்டனர். பாஸ்டனில் பிரிசில்லா வைட் என்னும் பெண் மருத்துவர் இத்தகைய தாயரைக் காப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். ஆனால் கர்ப்பத்தில் மட்டும் தோன்றி மறையும் நீரிழிவை, அறிகுறி ஏதுமில்லாத பெண்ணிடம் எங்ஙனம் தேடுவது என்பது அவர் காலத்திலும் விடையில்லா வினாவாகவே இருந்தது.

அதற்கு விடை தந்தவரும் பாஸ்டன் நகரத்தாரே. ஓ'சல்லிவன் என்னும் மருத்துவரும் மேஹன் என்னும் புள்ளியியல் அறிஞரும் 752 கருவுற்ற பெண்களுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூன்று மணி நேரம் குருதியைச் சோதித்து, 1964-இல் எல்லைக் கணக்குகளை வெளியிட்டனர். இதில் மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. எந்தக் குழந்தைக்குத் தீங்கு வரும் என்பதை அவர்கள் அளக்கவில்லை. எந்தத் தாய் பிற்காலத்தில் நீரிழிவு நோயாளியாவாள் என்பதையே அளந்தனர். வயிற்றிலிருக்கும் பிள்ளையைக் காக்க உலகம் நெடுநாள் பயன்படுத்திய அளவுகோல், தாயின் முதுமையைக் கணிக்கச் செய்யப்பட்டது. பெரியம்மாவின் பிள்ளையும் காலும் ஒரே நூலில் கோக்கப்பட்டவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வறிவு மலாக்காத் தோட்டங்களை எட்டக் காலம் பிடித்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் கிராமப்புற மருத்துவத் திட்டம் விரைந்து வளர்ந்தது. மருத்துவிச்சி நிலையங்கள் எழுந்தன. பயிற்சி பெற்ற செவிலியர் கம்பங்களில் வீடு வீடாகச் சென்றனர். பிள்ளைப்பேற்றில் தாயர் இறப்பதை இந்நாடு குறைத்த விரைவை உலக நிறுவனங்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. அதனை நாம் பெருமையுடன் ஏற்கலாம். ஆனால் தோட்டம் தனியார் நிலம். அரசின் கிராமத் திட்டங்கள் அதன் வாயிலில் நின்றுவிட்டன. உள்ளே முதலாளியின் மருந்தகமும் டிரெசருமே மருத்துவம். பெரிய தோட்டங்களில் அது நன்றாகவே நடந்தது. துண்டாடி விற்கப்பட்ட சிறு தோட்டங்களில் மருந்தகமே மறைந்தது.

பின்னர் மக்களே தோட்டங்களைவிட்டு வெளியேறினர். இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1970-களில் பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, வெட்டுக்கத்தி பிடித்த தாயரின் பெண்மக்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். மாறுமுறை வேலை, எட்டு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து நுண்ணோக்கியில் கண்பதித்தல், இடைவேளையில் டின் பால் கலந்த தேநீரும் பலகாரமும். நகரோரத் தாமான் வீடுகளில் வாழ்வு பலவகையிலும் சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல குடிநீர், மின்விளக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் கிடைத்தன. மலை ஏறி இறங்கும் உழைப்பு மட்டும் நின்றுபோயிற்று. தட்டிலிருந்த சோற்றின் அளவு நிற்கவில்லை.

அதன் விளைவைக் கணக்குகள் கூறும். 1986-இல் நாட்டில் முதன்முறையாக நடந்த தேசிய உடல்நல ஆய்வில் 35 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 6.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2019-இல் 18 வயதுக்கு மேற்பட்டோருள் அது 18.3 ஆயிற்று, இந்தியரிடையே நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. வயது வரம்பு வேறுபடுவதால் இரு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தல் முறையன்று. ஆயினும் இளையோரையும் சேர்த்தபின்னும் எண் மும்மடங்காயிற்று என்பதே அச்சுறுத்துவது. மூன்று இனங்களிலும் நாமே முதலிடத்தில் நிற்கிறோம் என்பதைப் பெருமைக்குரிய பட்டியல்களையே தேடும் நம் மேடைகள் கூறுவதில்லை.

ஏன் நமக்கு மட்டும் மிகுதி? பூனா நகரில் யாஜ்னிக் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் பிறந்த குழந்தைகளை அளந்து ஆராய்ந்தனர். இந்தியக் குழந்தை எடையில் ஐரோப்பியக் குழந்தையினும் குறைவு, தசையும் குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் குறையவில்லை என்று கண்டனர். மெலிந்தது போல் தோன்றினும் உள்ளே கொழுப்புடைய குழந்தை. தலைமுறை தலைமுறையாகப் பஞ்சத்தில் வாடிய தாயரின் வயிற்றில் சிக்கனமாய் வாழப் பழகிய உடல், வளம் வந்ததும் அதனைத் தாங்கமாட்டாமல் தடுமாறுகிறது என்பது ஒரு கொள்கை. பரம்பரையும் உண்டு, உணவும் உண்டு. ஒரே காரணத்தைக் கூறிக் கைகழுவுவோரை நான் நம்புவதில்லை.

இனி இன்றைய சோதனை முறைக்கு வருவோம். 2000-க்குப் பின் ஒன்பது நாடுகளின் பதினைந்து மையங்களில் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் தாயரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. சர்க்கரை ஏற ஏறக் குழந்தைக்கு இடரும் படிப்படியாக ஏறுகிறது, இதற்குக் கீழே அச்சமில்லை என்று கோடு கிழிக்க இடமில்லை என்பதே அம்முடிவு. சிங்கப்பூரும் பாங்காக்கும் அதில் பங்குபெற்றன. இந்தியாவில் ஒரு மையமும் இல்லை, மலேசியாவிலும் இல்லை. கோடு கிழிக்க இடமில்லை என்று கூறிய ஆய்வைக்கொண்டே அறிஞர் 2010-இல் கோடு கிழித்தனர். நோயெனக் கருதும் அளவு முன்னினும் கீழே இறங்கியது.

மலேசிய நலத்துறையின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி, 75 கிராம் குளுக்கோஸ் சோதனையில் வெறுவயிற்றில் 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரத்திற்குப்பின் 7.8 மில்லிமோல் என எல்லை வகுத்தது. இவற்றுள் ஒன்றை எட்டினாலும் நோயே. உடற்பருமன், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு நீரிழிவு, முன்னர் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை பெற்றமை முதலியன உடையோருக்குக் கர்ப்பப் பதிவின்போதே சோதனை. வேறு குறையில்லாவிடினும் 25 வயது நிறைந்தவருக்கு 24 முதல் 28 வாரத்திற்குள் சோதனை. 2022-ஆம் ஆண்டு ஆய்வில் தாயருள் நூற்றுக்கு 27 பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு காணப்பட்டது. ஆறாண்டுகளுக்கு முன் அதனிற் பாதியே. நோய் இரட்டித்தது என அலறுவதற்குமுன் எல்லை தாழ்த்தப்பட்டதையும் வலை அகலமாக வீசப்பட்டதையும் வரலாறு பயில்வோர் கணக்கிற்கொள்ளவேண்டும்.

தமிழ்நாடு வேறொரு வழியில் சென்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை வளர்த்த வீ. சேஷையா, கிராமத்துப் பெண்ணின் நடைமுறைத் துன்பத்திலிருந்து தொடங்கினார். வெறுவயிற்றோடு விடியலில் புறப்பட்டுப் பேருந்துக்குக் காத்திருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைவது கருவுற்றவளுக்கு அரிது. "நாளை சாப்பிடாமல் வா" என்று திருப்பியனுப்பினால் அவள் வரமாட்டாள். ஆதலின் உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரே முறை குருதி எடுப்பது என்பது அவர் குழுவின் முறை. 140 மில்லிகிராம் எல்லை. அதாவது நம் 7.8 மில்லிமோலே. தமிழகத்தில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட தாயரை ஆராய்ந்து 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி நகரத்தில் நூற்றுக்கு 17.8, சிற்றூர்ப்புற நகர்களில் 13.8, கிராமத்தில் 9.9 பேருக்கு இந்நோய் இருந்தது. 1907-இல் கூறப்பட்ட 'உழைப்பவனுக்கு வாராது' என்னும் வாதத்திற்கு அந்தக் கடைசி எண்ணே மறுமொழி. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது.

இம்முறையில் நோயாளர் பலர் தப்பிவிடுகின்றனர் எனச் சென்னையிலேயே மற்றோர் ஆய்வுக் குழுவினர் வாதிட்டனர். வெறுவயிற்றுச் சோதனையின் நுட்பத்தை இது எட்டாது என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் நுட்பமான சோதனைக்கு வராத பெண்ணைக் காட்டிலும் சற்றுக் குறைந்த சோதனைக்கு வந்த பெண் பாதுகாப்பானவள் என்பதே என் கருத்து. மெர்லிமாவிலிருந்தோ தெபோங்கிலிருந்தோ வண்டியோட்டத் தெரியாத ஒரு பெண், இரவு வேலை முடித்த கணவனை எழுப்பி, காலை ஏழரைக்கு நலநிலையத்தில் வெறுவயிற்றோடு அமர்வது எளிதென்று கருதுவோர் ஒருநாள் அங்குச் சென்று பார்க்கவேண்டும். 'சீனித் தண்ணீர்' என நம் பெண்கள் அழைக்கும் அந்நீரைக் குடித்ததும் சிலர் வாந்தியெடுப்பர். எடுத்தால் அன்றைய சோதனை வீண். சிலர் முதல்நாள் இரவே பட்டினி கிடந்து "நல்ல எண்" வாங்க முயல்வர். தேர்வுக்கு அஞ்சும் மாணவர் போன்றே அவர்களும்.

மற்றொன்றையும் கூறவேண்டும். 24 முதல் 28 வாரம் என்பது நம் கணக்கில் ஆறாம் மாதம் முடிந்து ஏழாம் மாதம் தொடங்கும் காலம். நம் வளைகாப்பும் அப்போதே. தாய்வீட்டார் பலவகைச் சோறும் இனிப்பும் கொண்டுவந்து ஊட்டும் அதே வாரத்தில்தான் நலநிலையம் அவளை வெறுவயிற்றோடு வரச்சொல்கிறது. நம் முன்னோர் ஏழாம் மாதத்தை ஏன் தேர்ந்தனர் என்பதற்கு மருத்துவக் காரணம் கற்பிக்க நான் முயலவில்லை. அத்தகைய கற்பனைகள் நம்மிடையே போதுமான அளவு உண்டு. சோதனையில் தவறிய பெண்ணுக்குச் சர்க்கரைப் பொங்கலை நீட்டும்போது அவள் மறுக்க இயலாமல் வாய்திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்னும் அன்புமொழிக்கு எதிராக அட்டையிலுள்ள ஓர் எண் எவ்வளவு தூரம் நிற்கும்?

நோய் கண்டபின் செய்யவேண்டுவன அரிதானவையல்ல. பெரும்பாலோருக்கு உணவுமுறையும் நடையும் போதும். சிலருக்கே மருந்தோ இன்சுலினோ வேண்டும். அவ்வாறு கவனித்தால் குழந்தைக்கு வரும் பெருந்தீங்குகள் குறைகின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு ஐயமற நிறுவியது. எனவே பிள்ளைப்பேறு வரையில் நம் நலநிலையங்கள் தாயை விடாமல் தொடர்கின்றன. இளஞ்சிவப்பு நிற ஏட்டில் ஒவ்வொரு வருகையும் பதிவாகிறது. இடரின் அளவுக்கேற்ப வண்ணக் குறியும் ஒட்டப்படுகிறது.

அறுபடுவது அதன்பின்னரே. பிள்ளை பெற்ற ஆறாம் வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் சோதனை செய்தல் வேண்டும் என்பது விதி. கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரினும் ஏழு மடங்குக்கும் மேல் என ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அந்த ஆறாம் வாரத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? தலைப்பிள்ளையாயின் தாய்வீட்டில், ஏடு புகுந்தவீட்டு நலநிலையத்தில். பத்தியம் முடியவில்லை. குழந்தைக்கு இரண்டு மணிக்கொருமுறை பால் தரவேண்டும். சோதனையோ இரண்டு மணிக்கு மேல். 2022 வரை சட்டம் தந்த பேறுகால விடுப்பு அறுபது நாளே. அவ்விடுப்பு முடியுமுன் இச்சோதனைக்கு ஒரு காலைப்பொழுதைச் செலவிட மனம் வருமா? 2023 முதல் அது தொண்ணூற்றெட்டு நாளாயிற்று. ஆறாம் வாரம் இப்போது விடுப்பின் நடுவில் விழுகிறது.

பெரியம்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி ஆயர் குரோவில் குடியிருக்கிறாள். மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். முதற் கர்ப்பத்தைப் பதிவு செய்யச் சென்ற அன்று, தாதி ஏட்டிலுள்ள வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெற்றோருக்கு நீரிழிவு உண்டா? தாய்க்கு உண்டு. உடன்பிறந்தாருக்கு? இல்லை. பாட்டியைப் பற்றிக் கேட்க அதில் கட்டமே இல்லை. இவளே சொன்னாளாம்: பாட்டிக்கு இனிப்பு நீர், ஒரு கால் எடுத்தார்கள், அதற்கும் முன்னர் பத்தரை ராத்தலில் ஒரு பிள்ளை பிறந்து இறந்தது என்று. ராத்தல் என்றால் என்ன என்று அந்த இளந்தாதி கேட்டாள். கிலோவில் நாலேமுக்காலுக்குச் சற்று மேல் எனக் கைப்பேசியில் கணக்கிட்டுச் சொன்னதும், தாதி எழுதுகோலை எடுத்து ஏட்டின் ஓரத்தில் மலாய் மொழியில் அதனைக் குறித்துக்கொண்டாள்.